பிலிப் மர்ரேயும் கம்பெனிக் கமிட்டிகளும்

தொழிலாளர் கேளாதிருக்கும்போதே தொழிற்சாலை நிர்வாகம் தானாக முன்வந்து அவர்களுக்கு ஒரு கமிட்டியை அமைத்துக் கொடுக்குமானால், தொழிற்சங்கம் அதை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? சந்தேகித்து ஒதுங்கி நிற்பதா? நன்றியோடு உள்ளே சென்று அமர்வதா? இயந்திரத் தொழில் பரவிய தேசங்களிலெல்லாம் இக்கேள்வி எழுந்திருக்கிறது. பிரதிநிதித்துவத் திட்டம், கூட்டு ஆலோசனைக் குழு, தர வட்டம், ஊழியர் பங்கேற்பு என்று காலத்துக்குக் காலம் பெயர்கள் மாறி வந்திருக்கின்றனவேயன்றி விஷயம் மாறவில்லை. இதற்குப் புத்தகத்தில் தேடாமல் அநுபவத்தில் விடை கண்டவர் அமெரிக்க உருக்குத் தொழிலாளரின் தலைவராக விளங்கிய பிலிப் மர்ரே. அவருடைய சரித்திரத்தை நமது நேயர்கள் அறிந்துகொள்வது பயனுடையதென்று கருதி இங்கே சுருக்கித் தருகிறோம்.

மர்ரே 1886ஆம் வருஷம் மே மாதம் 25ந் தேதி ஸ்காட்லாந்தில், ப்ளான்டயர் என்னும் சுரங்க ஊரை ஒட்டிய பகுதியில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்து வமிசத்துக் கத்தோலிக்கர்கள். தாயார் குழந்தைப் பருவத்திலேயே காலமானார். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, சங்கத்தில் ஊக்கமுள்ளவர். அவர் சங்கக் கூட்டங்களுக்குச் செல்லும்போது சிறுவனையும் உடன் அழைத்துச் செல்வாராம். பத்து வயதிலேயே பையன் சுரங்கத்தில் இறங்கினான். 1902ஆம் வருஷத்தில் தகப்பனும் மகனும் கப்பலேறி அமெரிக்கா சென்று, பென்ஸில்வேனியா மாகாணத்தின் மேற்குப் பகுதியிலிருந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள்.

அக்காலத்தில் அங்கே வெட்டியனுப்பிய கரியின் எடைக்குத் தக்கபடிதான் கூலி கிடைக்கும். எடை போடுகிறவர் கம்பெனியின் ஆள். சங்கம் வேரூன்றிய சுரங்கங்களில் தொழிலாளர் தம் செலவிலேயே தமக்கென ஓர் எடைக்காரரை நியமித்து, தராசின் பக்கத்தில் நிறுத்தி வைப்பது வழக்கம். மர்ரே வேலை செய்த இடத்தில் சங்கமில்லை. ஆகவே அக்காவலும் இல்லை. 1904ஆம் வருஷத்தில், தாம் வெட்டிய கரியைக் குறைத்து எடை போடுவதாக மர்ரே ஆக்ஷேபித்தார். வாய்ச்சண்டை கைகலப்பாக முற்றிற்று. கம்பெனி அவரை வேலையினின்று நீக்கியது. அவரைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்று நூற்றுக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, அந்த இளைஞரையே தங்கள் சங்கத்துக்குத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். குடியிருந்த வீடு கம்பெனிக்குச் சொந்தமானதாகையால் குடும்பம் வீதிக்குத் துரத்தப்பட்டது. சில வாரங்களில் பசி அவ்வேலைநிறுத்தத்தை முறித்தது. மர்ரே ஊரை விட்டே வெளியேற்றப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 18க்கு மேல் இல்லை. நியாயம் தன் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது, அதை எடுத்துச் சொல்வதற்குத் தனக்கே உரிய ஸ்தாபனம் வேண்டும் என்பதை அவர் இவ்வாறு பட்டறிந்தார்.

அதன் பிறகு அவருடைய வாழ்க்கை முழுவதும் சங்கப் பணிக்கே உரியதாயிற்று. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத குறையைத் தபால் மூலம் கணிதமும் விஞ்ஞானமும் பயின்று போக்கிக்கொண்டார். ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் 1912ஆம் வருஷத்தில் நிர்வாக சபை அங்கத்தினராகவும், 1916ஆம் வருஷத்தில் பிட்ஸ்பர்க் பிராந்தியத் தலைவராகவும், 1920ஆம் வருஷத்தில் உப தலைவராகவும் உயர்ந்தார். தலைவர் ஜான் லூயிஸ் சிங்கம் போன்று கர்ஜிப்பவர். மர்ரேயோ சாந்தமாகப் பேசுபவர், கணக்குகளை விரல்நுனியில் வைத்திருப்பவர், எதிரியின் பேச்சையும் பொறுமையோடு கேட்பவர். தொழிலாளர் நிலைமையைக் குறித்துப் போப்பாண்டவர்கள் 1891, 1931ஆம் வருஷங்களில் வெளியிட்ட நிருபங்களில் அவருக்கு ஆழ்ந்த பக்தி உண்டு. முதலும் உழைப்பும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. ஆனால் இரண்டும் சம நிலையில் நிற்க வேண்டுமென்பதை அவர் ஒருபொழுதும் விட்டுக்கொடுக்கவில்லை.

கம்பெனிக் கமிட்டி என்பது எவ்வாறு தோன்றிற்று என்பதை இனிச் சொல்ல வேண்டும். 1914ஆம் வருஷம் ஏப்ரல் 20ந் தேதி கொலராடோ மாகாணத்து லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்து கூடாரங்களில் வசித்த சுரங்கத் தொழிலாளரின் முகாம் துப்பாக்கிக்கும் நெருப்புக்கும் இரையாயிற்று. மாண்டவர்களில் 11 குழந்தைகளும் அடங்குவர். அந்தச் சுரங்கங்களில் ராக்பெல்லர் குடும்பத்துக்கு ஆதிக்கம் இருந்தபடியால் தேசமெங்கும் அக்குடும்பத்தின் மீது வெறுப்பு மூண்டது. அதைத் தணிக்க வழி தேடிய இளைய ராக்பெல்லர், பின்னாளில் கானடாவின் பிரதம மந்திரியான மெக்கன்ஸி கிங்கின் உதவியை நாடினார். அவர்கள் 1915ஆம் வருஷத்தில் ஒரு திட்டத்தை வகுத்தார்கள். தொழிலாளர் தம்முள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் நிர்வாகத்தோடு கூட்டுக் கமிட்டிகளில் அமர்ந்து குறைகளைப் பேசலாம். ஆனால் வெளிச் சங்கத்துக்கு அதில் இடமில்லை. பேசும் சுதந்திரத்தைக் கொடுத்து, பேரம் பேசும் பலத்தைக் கொடாத திட்டம் அது.

உருக்கு முதலாளிகளுக்கு இந்த யோசனை பின்னால் மிகவும் உதவிற்று. 1919ஆம் வருஷத்தில் சுமார் 3½ லக்ஷம் உருக்குத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்ட பிறகு, அத்தொழிலில் சங்கம் என்பது பெயரளவுக்கே இருந்தது. 1933ஆம் வருஷத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சர்க்கார் இயற்றிய தொழில் மீட்சிச் சட்டம், தொழிலாளர் தாங்கள் விரும்பும் பிரதிநிதிகள் மூலம் பேரம் பேச உரிமையுண்டென்று கூறிற்று. உடனே உருக்குக் கம்பெனிகள் ஆலைக்கு ஆலை ஊழியர் பிரதிநிதித்துவத் திட்டங்களை அச்சடித்துக் கொடுத்தன. சந்தா இல்லை, தேர்தல் ஆலைக்குள்ளேயே நடக்கும், பிரதிநிதிகள் கூடும் நேரத்துக்குக் கம்பெனியே கூலி கொடுக்கும். வெளிப்பார்வைக்கு இதைவிட உதாரம் வேறில்லை. ஆயினும் கமிட்டியில் ஒத்த கருத்து ஏற்படாவிட்டால் முடிவு சொல்பவர்கள் கம்பெனி அதிகாரிகளே. ஓர் ஆலையின் பிரதிநிதி மற்றோர் ஆலையின் பிரதிநிதியோடு கலந்து பேசவும் திட்டத்தில் வழி கிடையாது. தண்ணீர்க் குழாய், காற்று வசதி, குளிக்குமிடம் போன்ற விஷயங்களில் சில நன்மைகள் கிடைத்ததுண்டு. கூலியென்ற பேச்சு எழுந்தாலோ கதவு அடைபட்டது.

1936ஆம் வருஷம் ஜூன் மாதம் உருக்குத் தொழிலாளர் ஸ்தாபனக் கமிட்டி பிட்ஸ்பர்க் நகரில் அமைக்கப்பட்டு, மர்ரே அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். தொழில்வாரி ஸ்தாபனக் கமிட்டியாகிய சி. ஐ. ஓ. இதற்கென 5 லக்ஷம் டாலர் ஒதுக்கிற்று. அவர் முன் நின்ற முதல் பிரச்னை இந்தக் கம்பெனிக் கமிட்டிகள்தாம். அவற்றைப் பொம்மைகளென்று ஏசி, அவற்றில் இருப்பவர்களையெல்லாம் துரோகிகளென்று தூற்றிவிடுவது எளிது. அப்படிச் செய்திருந்தால் என்னவாகியிருக்கும்? அப்பிரதிநிதிகளில் பலர் சக தொழிலாளரின் நம்பிக்கையைப் பெற்று உண்மையாகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். குறைகளை எடுத்துச் சொல்லி, பயனற்ற பதில்களைக் கேட்டுக் கேட்டு மனம் கசந்தவர்கள். அவர்களைப் பகைத்தால் அவர்களை அனுப்பிய தொழிலாளரையும் பகைத்ததாகும். மர்ரே இதை நன்கு உணர்ந்தார். கமிட்டியை எதிர்க்க வேண்டும், கமிட்டியிலுள்ள மனிதரை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கைக்கொண்ட வழி.

இவ்வழி விரைவில் பலன் தந்தது. சிக்காகோவின் தென்பகுதி ஆலையில் ஜார்ஜ் பாட்டர்ஸன் என்பவர், கம்பெனி கொடுத்த கமிட்டியில் நுழைந்து அதன் பயனின்மையைக் கண்டு, சக தொழிலாளரோடு ஒரு சுயேச்சையான சங்கத்தை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார். அவர் மர்ரேயின் ஸ்தாபனத்தில் வந்து கலந்தார். பிட்ஸ்பர்க் பகுதியில் டுக்கேன் ஆலையின் பிரதிநிதி எல்மர் மலாய், கிளேர்டன் ஆலையின் பிரதிநிதி ஜான் மல்லன் ஆகியோரும் இவ்வாறே வந்தார்கள். இவர்கள் கமிட்டியை விட்டு உடனே விலகிவிடவில்லை. அதில் இருந்துகொண்டே கூலி உயர்வு, வேலை நேரம், சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆகிய பெரிய கோரிக்கைகளை எழுப்பினார்கள். வெவ்வேறு ஆலைகளின் பிரதிநிதிகள் ஒன்றுகூடிப் பேச வேண்டுமென்றும் வற்புறுத்தினார்கள். கமிட்டியால் எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் கண்ணாரக் காணும்படி செய்தார்கள். நூறு பிரசங்கங்களால் ஆகாத காரியத்தை மறுக்கப்பட்ட கோரிக்கைகள் செய்து முடித்தன.

1936ஆம் வருஷம் நவம்பர் மாதம் இதற்கொரு பரீக்ஷை நேர்ந்தது. மிகப் பெரிய கம்பெனியாகிய யு. எஸ். ஸ்டீல், சுமார் 10 சதவிகிதம் கூலி உயர்வு தருவதாகவும், இனிக் கூலியானது விலைவாசியைப் பின்பற்றி ஏறி இறங்குமென்றும் ஓர் ஒப்பந்தத்தை நீட்டிப் பிரதிநிதிகளின் கையெழுத்தைக் கேட்டது. உயர்வு எல்லாருக்கும் வேண்டியதே. ஆனால் விலைவாசியோடு கூலியைக் கட்டிவிட்டால் வாழ்க்கைத்தரம் எக்காலத்திலும் உயராதென்று மர்ரேயின் ஸ்தாபனம் எச்சரித்தது. பிரதிநிதிகள் பலர் கையெழுத்திட மறுத்தார்கள். கையெழுத்து கிடைக்காத இடங்களிலும் கம்பெனி உயர்வை அமுலுக்குக் கொண்டுவந்தது. கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பெனி தன் எண்ணப்படியே நடக்குமானால் அந்தக் கமிட்டிக்கு என்ன அர்த்தம் என்று தொழிலாளர் கேட்கத் தொடங்கினார்கள். டிசம்பர் மாதம் பற்பல ஆலைகளின் பிரதிநிதிகள் பிட்ஸ்பர்கில் கூடி மர்ரேயின் ஸ்தாபனத்துக்கு ஆதரவு தெரிவித்தார்கள். முதலாளிகள் கட்டிய கோட்டையின் காவலர்களே கதவைத் திறந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

அடுத்த வருஷம், அதாவது 1937ஆம் வருஷம் மார்ச் 2ந் தேதி, யு. எஸ். ஸ்டீலின் முக்கியக் கிளையாகிய கார்னகி-இல்லினாய் கம்பெனி, வேலைநிறுத்தம் ஏதுமின்றியே மர்ரேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்குமுன் லூயிஸும் கம்பெனித் தலைவர் மைரன் டெய்லரும் தனித்து நடத்திய சம்பாஷணைகளும் இதற்குக் காரணமே. நாளொன்றுக்கு 5 டாலர் குறைந்தபட்சக் கூலி, 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 40 மணி, மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி, சங்கத்துக்கு அதன் அங்கத்தினர் சார்பில் அங்கீகாரம் ஆகியவை கிடைத்தன. 1919ஆம் வருஷத்தில் இரத்தம் சிந்தியும் கிடைக்காதவை இவை.

எல்லாக் கம்பெனிகளும் இவ்வாறு இணங்கிவிடவில்லை. சிறிய உருக்குக் கம்பெனிகள் எனப்பட்டவை பிடிவாதம் பிடித்தன. 1937ஆம் வருஷம் மே 30ந் தேதி சிக்காகோவில் ரிபப்ளிக் ஆலைக்கு அருகே ஊர்வலம் சென்ற தொழிலாளர் மீது போலீஸார் சுட்டதில் 10 பேர் மாண்டார்கள். அந்த வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. அப்பொழுது மர்ரேக்குத் துணையாய் நின்றது 1935ஆம் வருஷத்து வாக்னர் சட்டம். தொழிலாளர் ஸ்தாபனத்தை முதலாளி ஆட்டிவைப்பதும் அதற்குப் பணம் கொடுப்பதும் குற்றமென்று அச்சட்டம் விதித்தது. 1937ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தை ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே ஜோன்ஸ்-லாக்லின் கம்பெனியில் நடந்த இரகசிய வாக்கெடுப்பில் 17,028 பேர் மர்ரேயின் சங்கத்துக்கும், 7,207 பேர் அதற்கு எதிராகவும் வாக்களித்தார்கள். பிடிவாதம் பிடித்த கம்பெனிகளும் சில வருஷங்களில் வழிக்கு வந்தன.

இத்தோடு சரித்திரம் முடிந்திருந்தால் மர்ரேயை ஒரு வெற்றி வீரரென்று மட்டும் போற்றியிருப்போம். அவருடைய பெருமை அதற்குமேலும் உண்டு. கம்பெனிக் கமிட்டியை ஒழித்த அவரே, தொழிலாளர் தம் அறிவையும் உற்பத்தியில் செலுத்த வேண்டுமென்று வாதித்தார். 1940ஆம் வருஷத்தில் மாரிஸ் குக் என்னும் என்ஜினீயரோடு சேர்ந்து, தொழிலாளர் ஸ்தாபனத்தையும் உற்பத்தியையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். யந்திரத்தோடு பழகுகிறவனுக்குத் தெரிந்த நுட்பம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அந்த அறிவை வீணாக்குவது தேசத்துக்கே நஷ்டம் என்பது அவர்கள் கருத்து. ஆனால் இந்த ஒத்துழைப்புக்கு மர்ரேயின் ஸ்தாபனம் நிபந்தனைகள் வைத்திருந்தது. நிர்வாகம் முதலில் சங்கத்தை முழு மனத்தோடு அங்கீகரிக்க வேண்டும். தொழிலாளி சொன்ன யோசனையால் எந்தத் தொழிலாளியும் வேலையிழக்கக் கூடாது. கிடைக்கும் லாபத்தில் அவனுக்கும் பங்கு வேண்டும்.

இது வெறும் கனவன்று. ஓஹையோ மாகாணத்து மான்ஸ்பீல்டு ஊரில் ஓர் உருக்குத் தகட்டு ஆலை 1938ஆம் வருஷத்தில் மூடப்படும் நிலைக்கு வந்தது. அங்கே சங்கத் தலைவராயிருந்த ஜோஸப் ஸ்கான்லன் என்பவர் பிட்ஸ்பர்க் வந்து, மர்ரேயின் முக்கியத் துணைவர் கிளின்டன் கோல்டனிடம் யோசனை கேட்டார். ஊருக்குத் திரும்பிச் சென்று, விரயத்தைக் குறைக்கும் வழிகளை ஒவ்வொரு தொழிலாளியிடமும் கேட்டறியுமாறு கோல்டன் கூறினார். அவ்வாறே செய்து ஆலையைக் காப்பாற்றினார்கள். ஸ்கான்லனை மர்ரேயின் ஸ்தாபனம் தன் தலைமைக் காரியாலயத்துக்கே அழைத்துக்கொண்டது. அவர் பெயரால் வழங்கும் திட்டம் பின்னர் பல தொழிற்சாலைகளில் பரவிற்று. தொழிலாளரின் கருத்தைக் கேட்பது இங்கும் உண்டு, கம்பெனிக் கமிட்டியிலும் உண்டு. இங்கே கேள்வியைக் கேட்டது சங்கம். பதிலின் பயனைப் பங்கிடும்போதும் சங்கம் அங்கே இருந்தது. இவ்வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

1940ஆம் வருஷத்தில் சி. ஐ. ஓ.வின் தலைமைப் பதவியும் மர்ரேயை வந்தடைந்தது. யுத்தம் நெருங்கிக்கொண்டிருந்த அச்சமயத்தில், ஒவ்வொரு முக்கியத் தொழிலையும் தொழிலாளரும் முதலாளிகளும் சமமாக அமர்ந்த சபையொன்று சர்க்கார் பிரதிநிதியின் தலைமையில் நடத்த வேண்டுமென்று ஜனாதிபதிக்கு யோசனை அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. 1942ஆம் வருஷத்தில் யுத்த உற்பத்தி போர்டின் தூண்டுதலால் ஆயிரக்கணக்கான கூட்டுக் கமிட்டிகள் ஏற்பட்டனவென்றாலும், பெரும்பாலானவை விளம்பரத் தாள்களை ஒட்டுவதோடும் வேலைக்கு வராமையைக் கண்டிப்பதோடும் நின்றுவிட்டன. அதிகாரமில்லாத கமிட்டி எந்தப் பெயரில் வந்தாலும் அதன் கதி இதுதான் போலும்.

மர்ரேயிடம் குறையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கம்பெனிகளிடம் ஜனநாயகத்தைக் கேட்ட அவருடைய ஸ்தாபனத்திலேயே, 1936 முதல் 1942 வரை மேலதிகாரிகள் யாவரும் நியமனம் பெற்றவர்களே. முறையான விதிகளும் தேர்தலும் 1942ஆம் வருஷம் மே மாதம் ஐக்கிய உருக்குத் தொழிலாளர் சங்கமென்று பெயர் மாறியபோதுதான் வந்தன. பணமும் கட்டளையும் மேலிருந்தே இறங்கின. பகைவர் சூழ்ந்த காலத்தில் கட்டுப்பாடு அவசியமென்று சமாதானம் கூறலாம். எனினும், தொழிற்கூடத்தின் மூலையில் நிற்கும் அங்கத்தினனின் பேச்சைச் சங்கம் கேளாதிருந்தால், அதைக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு நிர்வாகத்தின் கமிட்டி வந்து சேரும். இந்த அபாயத்தைத் தொழிற்சங்கத் தலைவர்கள் யாவரும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்கான்லனும் 1946ஆம் வருஷத்தில் சங்கத்தை விட்டு மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றுவிட்டார்.

யுத்தத்துக்குப் பின் 1946, 1949, 1952ஆம் வருஷங்களில் மர்ரே மூன்று பெரிய வேலைநிறுத்தங்களை நடத்தினார். முதுமையில் தொழிலாளிக்கு ஓய்வூதியம் வேண்டுமென்ற கோரிக்கை 1949ஆம் வருஷத்துப் போராட்டத்தால் நிறைவேறிற்று. 1952ஆம் வருஷம் நவம்பர் 9ந் தேதி ஸான் பிரான்சிஸ்கோ நகரில் அவர் காலமானார்.

அவர் மறைந்த பிறகும் அவர் சந்தித்த பிரச்னை மறையவில்லை. 1992ஆம் வருஷத்தில் எலக்ட்ரோமேஷன் என்னும் கம்பெனி தன் ஊழியருக்கு அமைத்த கமிட்டிகள் வாக்னர் சட்டத்துக்கு விரோதமென்று அமெரிக்கத் தொழிலாளர் போர்டு தீர்ப்பளித்தது. அச்சட்டத்தைத் தளர்த்த அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை 1996ஆம் வருஷத்தில் ஜனாதிபதி கிளின்டன் நிராகரித்தார். நமது தேசத்திலும் 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம், 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் தொழிற்கமிட்டிகளை அமைக்கச் சர்க்கார் உத்தரவிடலாமென்று விதித்தது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க வழி செய்ய வேண்டுமென்று 1976ஆம் வருஷத்தில் அரசியல் சட்டத்திலேயே 43-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஏட்டிலுள்ள இவ்வுரிமைக்கு உயிர் கொடுப்பதும் கொடாததும் சங்கங்களின் பலத்தைப் பொறுத்தது.

ஆகவே, நிர்வாகம் கமிட்டிக்கு அழைக்கும்போது தொழிற்சங்கம் கோபித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை; மயங்கிப் போய் ஆயுதத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே செல்லவும் கூடாது. பிரதிநிதிகளைச் சங்கமே தேர்ந்தெடுத்து அனுப்பட்டும். கூலியும் வேலை நிபந்தனையும் சங்கத்தின் ஒப்பந்தத்துக்கே உரியவையென்று முதல் நாளிலேயே எழுத்தில் பெறட்டும். யோசனை சொன்னதனால் எவருக்கும் வேலை போகாதென்ற உறுதியையும், லாபத்தில் பங்கையும் கேட்கட்டும். கமிட்டியில் பேசியது அனைத்தும் அங்கத்தினருக்கு அன்றே தெரியட்டும். இவற்றை ஒப்புக்கொள்ளும் நிர்வாகத்தோடு மனமொத்து உழைப்பதில் இழிவில்லை. ஒப்புக்கொள்ளாத நிர்வாகத்தின் நோக்கம் என்னவென்பதைத் தொழிலாளரே அறிந்துகொள்வார்கள். தம் சங்கத்தை வலுப்படுத்த அவர்களுக்கு வேறு உபதேசம் வேண்டியிராது.